கல்லாத்தாவைக் குகைக்குள் அடைக்க வேண்டாம்: ஆலய நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

சென்ற வெள்ளிக்கிழமை பூசை முடிந்து இறங்கும்போது, கோயில் அறிவிப்புப் பலகையில் ஒரு வண்ணப்படம் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். நம் குன்றின் நெற்றியில் சாம்பல் நிறத்தில் ஒரு குகை வாய். அதன் இருபுறமும் வாய் பிளந்த சிங்கங்கள். உள்ளே சலவைக்கல்லில் காளி, இலட்சுமி, சரஸ்வதி என மூன்று தேவியர், தலைக்குப் பின்னால் சுற்றும் விளக்குகளோடு. 'வைஷ்ணோ தேவி குகை ஆலயம், சுங்கை சிப்புட்' என்று மேலே எழுதியிருந்தது. கீழே, மதிப்பீட்டுச் செலவு 2,80,000 வெள்ளி (ரிங்கிட்).

படத்தில் கல்லாத்தாவை, நாம் அம்மனாகக் கும்பிடும் அந்த மூன்று கற்களைத் தேடினேன், இல்லை. அவள் தலைக்குமேல் நிற்கும் ஆலமரமும் இல்லை. செயலாளர் தம்பியிடம் கேட்டேன். "கற்களைப் பத்திரமாக எடுத்து அடிவாரத்தில் ஒரு மாடம் கட்டி வைத்துவிடுவோம், அக்கா, கவலைப்படாதீர்கள்" என்றார். பழைய அலமாரியைப் பின்கட்டுக்கு மாற்றுவதுபோல அவர் அதைச் சொன்ன அன்றே இந்த மடலை எழுத வேண்டும் என்று முடிவுசெய்தேன். கூட்டத்தில் பேச எனக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது என்பது முந்தைய கூட்டங்களில் கற்றுக்கொண்ட பாடம். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

புதிதாகக் குடிவந்தவர்களுக்காக என்னைப் பற்றி ஒரு வரி. பாட்டியும் அம்மாவும் இந்தத் தோட்டத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர்கள். நான் தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்லாத்தாவின் முன்னால் விளக்காக எரியும் மங்குகளை, ரப்பர் பால் பிடிக்கும் அந்தக் கிண்ணங்களை, வெள்ளிதோறும் கழுவி வைப்பவளும் நான்தான்.

வைஷ்ணோ தேவிமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 2025 மார்ச் மாதம் நீங்கள் ஏற்பாடு செய்த யாத்திரைக் குழுவில் நானும் போனேன். அந்த ஏற்பாட்டுக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். டில்லியிலிருந்து இரவு முழுவதும் ரயில். விடிகாலையில், ஜம்முவில் வைஷ்ணோ தேவி மலையின் அடிவார ஊரான கட்ராவில் இறங்கியபோது, மலேசிய வெயிலுக்குப் பழகிய நம் உடம்பு நடுங்கியதே, நினைவிருக்கிறதா? பொருளாளர் மூன்று சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நின்றார். பதிவு மையத்தில் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை கொடுத்தார்கள். அது இல்லாமல் பாணகங்கைச் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது. அங்கிருந்து மேலே, குகைக் கோயில் இருக்கும் பவனம்வரை பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர் ஏற்றம். கோயில் இருக்கும் உயரம் ஏறத்தாழ 5,200 அடி. வழிநெடுகத் தகரக் கூரை, விளக்கு, குடிநீர்க் குழாய், கழிப்பறை. குதிரைக்காரர்களும் டோலி தூக்குபவர்களும் நம்மை இடித்துக்கொண்டு போனார்கள். முன்பின் தெரியாதவர்கள்கூட எதிரே வரும்போது "ஜெய் மாதா தி" என்றார்கள். இந்தி தெரியாத நாமும் பாதி வழியில் அதையே திருப்பிச் சொல்லப் பழகிவிட்டோம்.

ஏறிக்கொண்டிருக்கும்போது வழிகாட்டி சொன்ன கதையை நம்மில் பலர் மூச்சுவாங்கியதில் சரியாகக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஸ்ரீதரன் என்றொரு ஏழை அந்தணர் ஊருக்கே விருந்து வைக்கிறார். ஒரு சிறுமியின் உருவில் வந்த அன்னைதான் அவரை அதற்குத் துணியவைத்தாள். அத்தனை பேரும் அவருடைய சிறு குடிசைக்குள் அமர இடம் இருந்தது. விருந்துக்கு வந்த பைரவநாதன் என்ற தாந்திரிகன் மட்டும் இறைச்சியும் மதுவும் கேட்டு வம்பு செய்தான். பிறகு அந்த அன்னையைத் துரத்தினான். அவள் அம்பு எய்து நீர் வரவழைத்த இடம் பாணகங்கை. திரும்பிப் பார்த்து நின்ற இடம் சரண் பாதுகா. ஒன்பது மாதம் ஒளிந்து தவமிருந்த இடம் அர்த்தகுவாரி. நம் தலைவர் தவழ்ந்து நுழைந்து பாதியில் மாட்டிக்கொண்ட அந்தக் குறுகிய பொந்துதான். (மன்னிக்கவும் தலைவரே, ஊருக்கே தெரிந்த கதை என்பதால் எழுதிவிட்டேன்.) கடைசியில் குகை வாயிலில் பைரவன் தலையைத் துண்டித்தாள். தலை போய் விழுந்த மலைமுகட்டில் அவனுக்கும் ஒரு கோயில். சாகும் நேரத்தில் அவன் மன்னிப்புக் கேட்டதால், அவனையும் பார்த்தால்தான் யாத்திரை நிறைவு என்று அவளே வரம் கொடுத்தாளாம். தன்னைத் துரத்தியவனுக்கும் பக்கத்தில் இடம் கொடுத்தவள் அவள்.

இதற்கு முந்தைய பகுதிதான் என்னை அங்கேயே உட்காரவைத்தது. அவள் பிறந்தது தென்னாட்டில், இரத்தினாகரசாகரர் வீட்டில் என்கிறது அவர்களுடைய தலபுராணம். சீதையைத் தேடி வந்த இராமன் கடற்கரையில் தவமிருந்த அந்தப் பெண்ணைப் பார்த்து, வடக்கே திரிகூட மலைக்குப் போய்த் தவம் செய்யச் சொன்னான் என்று கதை போகிறது. தெற்கே பிறந்த ஒரு பெண் பெயர் தெரியாத ஒரு மலைக்கு அனுப்பப்பட்டு அங்கேயே தங்கிவிட்டாள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த நம் பாட்டிமார்களை நினைத்துக்கொண்டேன். எனக்கு முன்னால் போனவர்கள் காத்திருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அங்கே கருவறையில் என்ன பார்த்தோம்? குளிர்ந்த சுரங்க வழியில் வரிசை நகர்ந்துகொண்டே போய், பூசாரி கைகாட்டிய பக்கம் திரும்பினால் எனக்குக் கிடைத்தது இரண்டு நொடி, அதிகம் போனால் மூன்று. அந்த நொடிகளில் பார்த்தது சிலை இல்லை. பொன் கிரீடங்களுக்கும் சிவப்புத் துணிக்கும் பூவுக்கும் கீழே, ஒரே பாறையிலிருந்து எழும் மூன்று கல் முகடுகள். 'பிண்டி' என்கிறார்கள். அவைதாம் மகாகாளி, மகாலட்சுமி, மகாசரஸ்வதி. கண், மூக்கு, கை, ஆயுதம் எதுவும் இல்லை. எந்தச் சிற்பியின் உளியும் படாத கல். இதற்காகத்தான் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானவர்கள் மலையேறுகிறார்கள். 2012-இல் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் ஏறினார்கள்.

மூன்று கற்களைப் பார்க்க ஏழாயிரம் வெள்ளி செலவு செய்து போய் வந்த நாம், வீட்டுக்கு வந்ததும் நம்முடைய மூன்று கற்களைப் பெயர்த்தெடுத்துவிட்டு, அங்கே இல்லாத மூன்று சிலைகளை இங்கே வைக்கப் போகிறோம். அதற்கு 'வைஷ்ணோ தேவி' என்று பெயரும் சூட்டப் போகிறோம். இது எனக்குக் கொஞ்சமும் புரியவில்லை.

கல்லாத்தாவை நீங்கள் கடைசியாக எப்போது அருகில் போய்ப் பார்த்தீர்கள்? நான் சொல்கிறேன், கேளுங்கள். நடுக்கல் என் முழங்கால் உயரம். இடப்பக்கம் இருப்பது அதைவிடச் சற்றுக் குட்டை, வலப்பக்கம் சாய்ந்தது. மஞ்சள் பூசிப் பூசி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய பூச்சு நடுக்கல்லின் தோளில் சுண்டுவிரல் கனத்துக்கு இருக்கிறது. மழைக்காலத்தில் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தால் உள்ளே மரத்தின் ஆண்டு வளையம்போல வரிவரியாகத் தெரியும்: வெளிர் மஞ்சள், பழுப்பு, நடுவே ஒரு கறுப்புக் கோடு. கறுப்புக் கோடு எந்த வருடத்துப் புகை என்று எனக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். முன்னால் ஏழு மங்குகள் வரிசையாக நிற்கும். ரப்பர் பால் வடிந்த அதே வெள்ளைப் பீங்கான் மங்குகள்தான், இரண்டில் விளிம்பு உடைந்திருக்கிறது. பால் நின்று எத்தனையோ ஆண்டுகள் ஆன பிறகும் அவற்றில் எண்ணெய் நிற்கிறது.

காட்டை அழித்து ரப்பர் நட்டபோது இந்த மூன்று கற்களும் மேட்டில் நின்றிருந்தன என்றும், கங்காணி சொல்லியும் ஆட்கள் அவற்றைத் தொடவில்லை என்றும் பாட்டி சொல்வாள். துரையே பார்த்துவிட்டு, அந்தத் துண்டை விட்டுவிடுங்கள் என்றாராம். கதையாக இருக்கலாம். ஆனால் ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்த பிறகும், குன்றின் கீழே செம்பனை வரிசைகள் நேராக வந்து, அந்த இடத்தில் மட்டும் வளைந்து போவதை மேலிருந்து இன்றும் பார்க்கலாம்.

1948 ஜூன் 16-இல் நம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. உலகத்துக்கு அது வரலாறு. என் பாட்டிக்கு அது, பொழுது சாய்ந்தபின் குன்றேற முடியாமல் போன காலம். லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின், பின்சன்னலில், குன்றைப் பார்த்தாற்போல ஒரு மங்கில் விளக்கேற்றி வைப்பாள். "அங்கிருந்து அவள் பார்த்துக்கொள்வாள்" என்பாள். ஊரடங்கு முடிந்தபின் முதலில் மேலே ஏறியவர்களில் அவளும் ஒருத்தி.

உங்கள் தரப்பு நியாயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. இளையவர்கள் கோயிலுக்கு வருவதில்லை, பார்க்க எடுப்பாக ஏதாவது இருந்தால் வருவார்கள் என்கிறீர்கள். பத்துமலையில் 2018-இல் 272 படிகளுக்கும் வண்ணம் தீட்டியபின் படம் எடுக்க வந்த கூட்டத்தைக் காட்டுகிறீர்கள். உண்மைதான், வந்தார்கள். முன்அனுமதி கேட்கவில்லை என்று மரபுடைமைத் துறையோடு சிக்கல் வந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? நம் குன்றைப் பொறுத்தவரை யாரிடம் அனுமதி கேட்பது என்பதே தெளிவில்லாமல் கிடக்கிறது. தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது குன்று எந்த நிலத்துண்டில் விழுந்தது, கோயிலுக்கு அதில் என்ன உரிமை என்று இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். "பேசிக்கொண்டிருக்கிறோம்" என்பதற்குமேல் பதில் வரவில்லை. பட்டா இல்லாத மேட்டில் கிட்டத்தட்ட மூன்று லட்சம் வெள்ளிக்குச் சிமெண்ட் கொட்டுவதற்கு எந்தப் பொருளாளரும் கையெழுத்திடக் கூடாது.

தோட்டத் துண்டாடலில் வீடும் வேலையும் இழந்து நம்மவர்கள் தெருவுக்கு வந்தபோது, இதே ஊரில் பிறந்த, மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்களைச் சேர்க்கவைத்து, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். முதலில் நிலம் கையில் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய ஊர்க்காரர்களாகிய நாம் நிலத்தைப் பார்க்காமல் சிங்கத்தின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு காரணமும் சொன்னீர்கள். அது என்னைச் சற்றுத் தடுமாறவைத்தது. கட்ராவுக்குப் போக முடியாத முதியவர்கள் இங்கேயே அவளைப் பார்க்கட்டும் என்றீர்கள். எங்கள் வரிசைக் கடைசி வீட்டு ஆயா, எண்பது வயதைத் தாண்டியவர், நான் போய் வந்ததும் என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்காக என்றால் நானும் ஒரு கல் சுமக்கத் தயார். ஆனால் அந்த ஆயாவால் நம் குன்றின் 87 படிகளையே ஏற முடியவில்லை. நாற்பதாவது படிக்குமேல் கைப்பிடி இல்லை. அறுபதாவது படியில் விளிம்பு உடைந்து கம்பி வெளியே தெரிகிறது. இரண்டு ஆண்டுகளாக அவர் கீழிருந்தே கும்பிட்டுவிட்டுப் போகிறார். மேலே சலவைக்கல் வந்தாலும் அவர் கீழேதான் நிற்பார்.

வைஷ்ணோ தேவியைப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால், எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. அந்தக் குகை அப்படியே இருக்க, அதைச் சுற்றி இருந்ததைத்தான் மாற்றினார்கள். 1986-இல் சட்டம் போட்டு ஒரு வாரியத்தை அமைத்தார்கள். அதுவரை காணிக்கை பாரிதார்கள் என்ற பரம்பரை உரிமைக்காரர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிறகு அதே காணிக்கையில் பாதையும் தங்குமிடமும் குடிநீரும் வந்தன. பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் வந்தன. பழைய இயற்கைக் குகையில் ஓடும் நீரில் கால் நனைய, குனிந்து தவழ்ந்துதான் போக முடியும். கூட்டம் பெருகியபோது அதை உடைத்து அகலப்படுத்தவில்லை. பக்கத்தில் 1977-இலும் பிறகு 1999-இலும் தனியாகச் சுரங்க வழிகள் அமைத்தார்கள். பழைய வழி இன்றும் இருக்கிறது. கூட்டம் குறைந்த குளிர்காலத்தில் மட்டும் திறக்கிறார்கள்.

அங்கேயும் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. 2022 புத்தாண்டு நள்ளிரவு கடந்து கூட்ட நெரிசலில் 12 பேர் இறந்தார்கள். நாம் போய்வந்த அதே 2025-இல், ஆகஸ்டு 26 அன்று கனமழையில் அர்த்தகுவாரி அருகே மலை சரிந்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். செய்தியில் அந்த இடத்தைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. அந்த வளைவில்தான் நாம் உட்கார்ந்து தேநீர் குடித்தோம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் படத்தில் குகை வாய் வைத்திருக்கும் இடத்தில் சரிவை மண்வாரி இயந்திரத்தால் வெட்டப் போகிறார்கள் என்று ஒப்பந்தக்காரரே சொன்னார். பேராக் மாநிலத்தவர்களான நமக்கு மலை சரிவதைப் பற்றி வெளியூர்க்காரர் வந்து பாடம் நடத்த வேண்டியதில்லை. 1973-இல் ஈப்போவில் குனோங் சீரோ சுண்ணாம்புப் பாறை பெயர்ந்து விழுந்து, அடிவாரத்தில் குடியிருந்தவர்களில் 40 பேர்வரை இறந்தார்கள். நம் குன்று சுண்ணாம்புப் பாறை இல்லை, மண்மேடுதான். அது இன்னும் மோசம். அதை இத்தனை காலம் பிடித்து வைத்திருப்பது அந்த ஆலமரத்து வேர். படத்தில் நீங்கள் முதலில் அழித்தது அந்த மரத்தைத்தான்.

ஆகம முறைப்படி இல்லாத வழிபாடு, படிப்படியாக மாற்ற வேண்டும் என்று துணைத்தலைவர் ஒருமுறை சொன்னார். கோழி அறுப்பதை நாமே நிறுத்தி எத்தனையோ காலமாகிவிட்டது; சுருட்டும் சாராயமும் அதற்கு முன்பே போயின. இப்போது அங்கே இருப்பது மஞ்சள், குங்குமம், எண்ணெய், செம்பருத்தி. இதில் என்ன குறை கண்டார் என்று அவர்தான் சொல்ல வேண்டும். உருவமில்லாத கல்லைக் கும்பிடுவது நாகரிகக் குறைவு என்று நினைக்கிறாரோ என்னவோ. அப்படியானால் அவர் கட்ராவில் ஏன் அப்படி உருகி அழுதார்?

நான் கேட்பது அதிகமில்லை. கல்லாத்தா இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். திரட்டிய பணத்தில் முதலில் நில அலுவலகத்தில் உள்ள வேலையை ஒரு வழக்கறிஞரை வைத்து முடியுங்கள். பிறகு படிக்கு இருபக்கமும் கைப்பிடி, நடுவில் இரண்டு இடத்தில் உட்காரத் திண்ணை, மழைநீர் ஓட வடிகால், மேலே ஒரு குடிநீர்க் குழாய். மிச்சம் வந்தால் அடிவாரத்தில் ஒரு சமையற்கூடம் கட்டலாம். ஆடித் திருவிழாவில் மழை வரும்போதெல்லாம் பெண்கள் குடை பிடித்துக்கொண்டு சாம்பார் கிண்டுகிறோம். எவ்வளவு வசூலானது, எவ்வளவு செலவானது என்று மாதம் ஒரு தாள் அதே பலகையில் ஒட்டுங்கள். குகைப் படத்துக்குக் கிடைத்த இடம் கணக்குக்கும் கிடைக்கட்டும்.

வைஷ்ணோ தேவியின் படத்தை வைக்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் தாராளமாக மண்டபத்துச் சுவரில் மாட்டலாம். நான் கொண்டுவந்ததும் ஒன்று இருக்கிறது, சட்டம் போட்டுத் தருகிறேன். கடைசி வீட்டு ஆயா அதைத் தொட்டுக் கும்பிடட்டும்.

பொதுக்கூட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு முன் எட்டு மணிக்கு, குழுவில் உள்ள பதினொரு பேரும் குன்றேறி வாருங்கள். படி வழியாக வாருங்கள். நாற்பதாவது படியில் நான் தேநீரோடு உட்கார்ந்திருப்பேன். அந்த ஆயாவையும் அழைத்து வருகிறேன், எந்தப் படிவரை அவரால் முடிகிறதோ அதுவரை. நீங்களும் பக்கத்தில் நடந்து பாருங்கள்.

இப்படிக்கு,
மங்கு கழுவும் உங்கள் சகோதரி,
சுங்கை சிப்புட்.